பாலிஷ் போடாத கடிதம்

பதினோராவது கடிதத்துக்கும் பதில் வந்துவிட்டது. "நாலாம் தொட்டி குறித்த தங்கள் மகிழ்ச்சியான அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டமைக்கு நன்றி. தங்களைப் போன்ற ஆர்வமுள்ள பணியாளர்களே எங்கள் ஊக்கம்" என்று தொழிற்பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து எழுதியிருந்தார்கள்.

வடிவு எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். ஓட்டமாக வாசித்துத் தள்ளிவிட அவளால் ஆகாது. கூடையில் கல் எடுத்துப் போடுவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் கீழே வைப்பாள். 'மகிழ்ச்சியான' என்ற சொல்லுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னட்டி போட்டிருக்கான்?" என்று கேட்டாள் உலகம்மாள். வடிவின் அண்ணன் பெண்சாதி. இரண்டு பேரும் ஒரே குழுவில் சகதி வாருகிறவர்கள்.

"நாம சந்தோசமா இருக்கோமாம் மைனி."

"ஆமா. சந்தோசத்துலதான் மூச்சடைக்கி."

வேம்பாருக்குத் தெற்கே, முன்பு உப்பளமாகக் கிடந்த நிலத்தில் அந்த ஆலை நின்றது. உப்பிலிருந்து பேட்டரிக்கு மாவு எடுக்கிற ஆலை. எடுத்தது போக மிஞ்சுகிற சகதி ஆறு தொட்டிகளில் போய்த் தேங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏழு பேர் ஏணி வழியாக இறங்கி வாரி மேலே ஏற்ற வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கிற பதினோரு மாத ஒப்பந்தம். அது முடியும்வரை வளாகத்துக்குள்தான் சோறும் தூக்கமும். வாசல் கதவு ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். அன்றைக்கு வியாழன். மறுநாள் காலை ஆறு மணிக்கு நாலாம் தொட்டி.

போன தடவை அந்தத் தொட்டியில் இறங்கிய இசக்கிராசு ஏணியில் ஏறும்போதே கை நழுவி விழுந்தான். கயிறு கட்டித் தூக்கினார்கள். உயிர் இருக்கிறது. பேச்சு போய்விட்டது. குடியிருக்கிற லைன் வீட்டு வாசலில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருக்கிறான், எழுப்பினால் எழுந்திருக்கிறான்.

இறங்க மாட்டோம் என்று ஏழு பேரும் சொல்லிவிடலாம்தான். சொன்னால் வெள்ளிக்கிழமை மதியம் ஒடிசாவிலிருந்து புதுக் குழு ஒன்று பஸ்ஸில் வந்து இறங்குகிறது. அவர்களுக்கு நாலாம் தொட்டிக்கும் நல்லதண்ணித் தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. தொட்டியைப் பூட்டும் அதிகாரம் சென்னையிலிருக்கிற அந்த அலுவலகத்துக்கு மட்டும்தான். போன் அடித்தால் இயந்திரம் எடுத்து, 'எழுதி அனுப்புங்கள்' என்கிறது. எழுதி அனுப்பினால் பாலிஷ் ஆகிவிடுகிறது.

பாலிஷ் என்பது இவர்கள் வைத்த பெயர். சட்டத்தில் அதற்கு நயமுத்திரை என்று பெயர். வடிவுக்கு முப்பது வயதிருக்கும்போது வந்த சட்டம். அந்தக் காலத்தில் மின்னஞ்சலில் ஒருவனை ஒருவன் திட்டி, பொய்யைப் பரப்பி, தெருவுக்குத் தெரு வெட்டுக்குத்து நடந்தது. அதனால் வெளியே போகிற ஒவ்வொரு அஞ்சலையும் ஓர் இயந்திரம் வாசித்து, காரத்தை எடுத்துவிட்டு, முத்திரை குத்தி அனுப்பும் என்று ஏற்பாடு செய்தார்கள். முத்திரை இல்லாத அஞ்சலை எந்த வழங்கியும், அதாவது எந்த சர்வரும், வாங்காது. சண்டை குறைந்தது, நிசம்தான். அன்றைக்கு வடிவும் கை தட்டினாள். கெட்ட வார்த்தையை மட்டும் எடுக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அனுப்புகிறவன் திரையில் அவன் எழுதியது எழுதியபடியே நிற்கும். அடுத்த முனையில் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. ஏழாவது கடிதத்தின் நகல் ஒன்றைக் கோவில்பட்டியிலிருக்கும் தன் மகனுக்கும் போட்டுவைத்தாள் உலகம்மாள். அவன் போனில் வாசித்துக் காட்டினான். 'எங்களைக் கொல்லாதீர்கள்' என்று எழுதியது, 'எங்கள் நலனில் இதேபோல் தொடர்ந்து அக்கறை காட்டுங்கள்' என்று போயிருந்தது.

"மைனி, மாடிக்கு வாங்க" என்று எழுந்தாள் வடிவு.

மாடி என்றால் புயல் காப்பகத்தின் மாடி. இரண்டாவது பெரும்புயலுக்குப் பிறகு, இருநூறு பேருக்கு மேல் குடியிருக்கிற கடலோர வளாகங்கள் எல்லாவற்றிலும் ஓர் அமெச்சூர் ரேடியோ பெட்டியும், அதற்கு உரிமம் வாங்கிய ஓர் ஆளும் இருந்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கம்பெனி பெட்டியை வைத்தது. ஆளாக யாரும் முன்வரவில்லை. மாடியில் காற்று வரும், முதுகு சாய ஒரு நாற்காலி கிடக்கிறது, அதற்காகவே வடிவு ஒப்புக்கொண்டாள். கைநாட்டு வைத்த தாள்களில் எல்லாம் என்னதான் எழுதியிருந்தது என்று தெரிந்துகொள்வதற்காக நாற்பத்து மூன்று வயதில் எழுத்துப் படித்தவள் அவள். ரேடியோப் பரீட்சையை முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை தேறினாள். அரசாங்கம் அவளுக்கு ஓர் அழைப்புக்குறி கொடுத்தது. அதன் கடைசி மூன்றெழுத்து எஸ்.வி.டி. சுடலைவடிவு என்ற முழுப்பெயரை ரேஷன் அட்டையில்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள். இந்த மூன்றெழுத்தை மட்டும்தான் யாரும் தப்பாக எழுதவில்லை.

ஏழு வருடமாக அந்தப் பெட்டிக்கு வானிலை அஞ்சல்கள் வந்து விழுந்தன. அதிலிருந்து ஓர் அஞ்சல்கூட வெளியே போனதில்லை. போக வேண்டிய தேவை வரவில்லை.

மைக்கை அழுத்தி மன்னாரைக் கூப்பிட்டாள். அங்கே ஜெயசீலன் என்று ஒருவன். பகலில் படகு எஞ்சின் பழுது பார்ப்பான், பக்கத்திலேயே அவனுடைய ரேடியோ அஞ்சல் வழங்கியும் ஓடிக்கொண்டிருக்கும். நாலு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு, இவ்வளவுதான் பேச்சு.

"சொல்லுங்கோ வடிவக்கா. சுகமோ? நான் இஞ்ச எண்ணெய்க் கையோட நிக்கிறன்."

"சுகமில்ல தம்பி. இந்தப் பெட்டியில இருந்து ஒரு கடிதம் வெளிய போவணும். பாலிஷ் இல்லாம போவணும். போவுமா?"



"போகும். ரேடியோவால வாற கடிதத்துக்கு முத்திரை கேக்கக்கூடாது எண்டு நாடுகள் எல்லாம் ஒத்துக்கொண்ட விதி ஒண்டு இருக்கு. கப்பல் தாழுற நேரத்தில ஆரும் மரியாதையா எழுதிக்கொண்டு இருக்க ஏலாதெல்லோ. முதல்ல எனக்கு ஒரு சோதனைக் கடிதம் போடுங்கோ. என்ன வந்து சேருது எண்டு நான் வாசிச்சுச் சொல்லுறன்."

"சோதனைக்கு என்ன எழுத?"

"பாலிஷ் தாங்காத மாதிரி ஏதாவது."

வடிவு உலகம்மாளைப் பார்த்தாள். தண்ணிக் குழாயடியில் உலகம்மாள் வாயைத் திறந்தால் மேற்பார்வையாளர்கள்கூட வேறு வழியாகச் சுற்றிப் போவார்கள்.

"யாரத் திட்டணும்?" என்றாள் உலகம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

"யாரையும் இல்ல. சும்மா திட்டுங்க."

"சும்மா திட்ட வராதுட்டி. முகம் வேணும். சரி, தொட்டியத் திட்டுதேன். எழுது. 'ஏ கட்டையில போவான் தொட்டியே, உன் வாயில மண்ணு விழ, நீ நாசமாப் போவ, உன்னக் கட்டுனவன் கை புழுத்துப் போவ.' போதுமா, இன்னும் வேணுமா?"

வடிவு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பினாள். இரண்டு நொடியில் போய்விட்டது. ஜெயசீலன் வாசித்தான்.

"'மதிப்புக்குரிய தொட்டி அவர்களுக்கு. தங்கள் எதிர்காலப் பயணம் இனிதே அமையவும், தங்களைக் கட்டியவரின் கைவண்ணம் மேன்மேலும் சிறக்கவும் வாழ்த்துகிறோம்.' இப்பிடித்தான் வந்திருக்கு அக்கா."

உலகம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் வாழ்த்துனேனா? அந்தத் தொட்டிய? என் வாயால?"

"அக்கா, கடிதம் ரெண்டு நொடியில வந்திட்டுது. ரேடியோவால வந்தா நாலு நிமிசம் எண்டாலும் எடுக்கும். உங்கட பெட்டி அதைக் காத்தில விடேல்ல. கம்பி வழியா உங்கட கம்பெனி வழங்கியிட்டக் குடுத்திருக்கு. அது பாலிஷ் போட்டு எனக்கு அனுப்பியிருக்கு. பெட்டியைக் கொண்டுவந்து பூட்டின ஆள் அப்பிடியே விட்டிட்டுப் போயிட்டான் போல."

அவன் சொல்லி முடிக்குமுன் உலகம்மாள் எழுந்துபோய், பெட்டியின் முதுகில் செருகியிருந்த நீலக் கம்பியைப் பற்றி ஒரே இழுவையாக இழுத்துவிட்டாள். வாய்க்கால் மடையில் அடைத்த கட்டையை உருவுகிற இழுவை. "இப்ப அனுப்பு."

அனுப்பினாள். போகவில்லை. திரையில் 'வரிசையில் காத்திருக்கிறது' என்று நின்றது. கம்பியைப் பிடுங்கினால் போதாதாம். வெளியே போகிற அஞ்சலை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கும், அதை மாற்றினால்தான் பெட்டிக்குப் புரியும் என்றான் ஜெயசீலன். அந்தப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல்லைப் பெட்டி வைத்தவன் மூடிக்குள்ளேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தான். திறந்தாள். 'வெளிச்செல்லும் அஞ்சல் வழங்கி' என்ற கட்டத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. அதை ஓர் எழுத்து மிச்சமில்லாமல் அழித்தாள். அழிக்கும்போது மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஜெயசீலன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, மன்னார் வழங்கியின் பெயரை அங்கே எழுதினாள். போகும் வழி என்ற இடத்தில் கம்பியை எடுத்துவிட்டு ரேடியோ என்று மாற்றினாள். ஒவ்வொன்றையும் எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டினாள். அவன் "ஓம்" என்றபிறகுதான் அடுத்தது.

இந்தத் தடவை பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அணில்கள் சண்டை போடுவதுபோல ஒரு சத்தம். கடிதம் காற்றில் போகிறது. உலகம்மாள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள், கடிதம் போவது கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல. நாலு நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது. உடனே திரும்பி வந்துவிட்டது. 'அனுப்புநர் யாரென்று தெரியவில்லை.'

"அனுப்புநர் எண்ட இடத்தில என்ன கிடக்கு?"

"புயல் காப்பகம்."

ஜெயசீலன் பெருமூச்சு விட்டது இரைச்சலையும் மீறிக் கேட்டது. "அதுதான் பிரச்சினை. காப்பகம் எண்டது கட்டடம். கட்டடம் கடிதம் எழுதாது. ரேடியோவில முத்திரைக்குப் பதிலா ஆள்தான். அழைப்புக்குறி போட வேணும். பிறகு அந்தக் கடிதத்தில கிடக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்கதான் பொறுப்பு. மறைக்கவும் ஏலாது. எழுத்தைப் பூட்டி அனுப்புறது ரேடியோவில குற்றம். இந்தக் கரையில ஆரார் பெட்டி வச்சிருக்கினமோ எல்லாரும் வாசிப்பினம். உங்கட கம்பெனி ஆள் கேட்டுக்கொண்டிருந்தா அவனும் வாசிப்பான்."

"சரி."

"இன்னும் ஒண்டு. உயிர் ஆபத்து எண்டாத்தான் முத்திரை இல்லாமல் அனுப்பலாம். தொட்டி இன்னும் திறக்கேல்ல, ஒருத்தரும் இறங்கேல்ல, எங்க ஆபத்து எண்டு கேப்பினம். உரிமத்தைப் பறிப்பினம். வளாகத்தில வேலையும் போகும். யோசிச்சுச் செய்யுங்கோ."

வடிவு விசைப்பலகையின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். உப்பு தின்று நகம் எல்லாம் பாதியாகிப்போன கை. "தம்பி, செத்தப்பெறவு எழுதுததுக்குப் பேரு அவசரக் கடிதம் இல்ல. அது இழவு ஓலை. அதப் பாலிஷ் போட்டே அனுப்பலாம், யாரும் குறை சொல்ல மாட்டாவ."



"ஏட்டி வடிவு" என்றாள் உலகம்மாள், குரலை இறக்கி. "என் பேரப் போடேன். எனக்குத்தான் போறதுக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்குக் குறி கெடையாது மைனி. பரீட்சைக்குக் கூப்பிட்டப்போ தலைவலின்னு படுத்துக்கிட்டியல்லா."

புயல் காப்பகம் என்பதை அழித்துவிட்டுத் தன் குறியை அங்கே எழுதினாள். திட்டை மறுபடி அனுப்பினாள். அணில்கள் கத்தி ஓய்ந்தன.

"வந்திட்டுது" என்றான் ஜெயசீலன். பிறகு தயங்கினான். "அக்கா, இதை நான் சத்தமா வாசிக்கட்டோ? பக்கத்தில ஆக்கள் நிக்கினம்."

"வாசி தம்பி."

கட்டையில போவானிலிருந்து கை புழுத்தது வரை ஒன்றுவிடாமல் வாசித்தான். உலகம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இருபது வருடத்துக்குப் பிறகு தன் பேச்சு தன் பேச்சாகவே ஊருக்குப் போய்த் திரும்பியதைக் கேட்கிறாள். "நல்லாத்தான் திட்டியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மணி நாலு ஆகியிருந்தது. அலுவலகம் ஐந்துக்கு அஞ்சலை மூடிவிடும். வடிவு எழுதத் தொடங்கினாள்.

'ஐயா அல்லது அம்மா. நான் வடிவு. வயது ஐம்பத்து இரண்டு. சகதி வாருகிற வேலை. நாளை வெள்ளி காலை ஆறு மணிக்கு நாலாம் தொட்டியில் ஏழு பேரை இறக்குகிறார்கள். உள்ளே கெட்ட காத்து. முதலில் அழுகின முட்டை நாத்தம் வரும். பிறகு நாத்தம் தெரியாது. தெரியாமல் போனால் காத்து நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது. அடுத்து ஆள். போன தடவை இசக்கிராசு விழுந்தான். உயிர் இருக்கு, பேச்சு இல்லை. காத்து அளக்கிற கருவி தொட்டி வாயில் தொங்குகிறது. அது மேலே அளக்கிறது. நாங்கள் கீழே மூச்சு விடுகிறோம். மேற்பார்வையாளர் ஜெபசிங்குக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இறக்குகிறார். இறங்குகிறவர்கள் நான், உலகம்மாள், பேச்சிமுத்து, பிரகாசி, மாரிச்செல்வம், அருளப்பன், சந்தனக்குமார். இதுவரைக்கும் பதினோரு கடிதம் போட்டோம். அதில் நாங்கள் என்ன சொன்னோம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தொட்டியைப் பூட்டுங்கள். இப்போது நன்றி சொல்ல மாட்டேன். பூட்டின பிறகு சொல்கிறேன்.'

நாலே முக்காலுக்கு அனுப்பு என்பதை அழுத்தினாள். அணில்கள் வெகுநேரம் கத்தின. மன்னார் வாங்கிக்கொண்டது. மன்னாரிலிருந்து சென்னை வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

காலை ஆறு மணிக்கு ஏழு பேரும் நாலாம் தொட்டி வாயில் நின்றார்கள். பதில் வரவில்லை. மூடியைத் திறந்திருந்தார்கள். முட்டை நாத்தம் ஏணி வழியாக ஏறி வந்து மூக்கில் உட்கார்ந்தது.

ஜெபசிங் கைக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். நாற்பது வயது ஆள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. தூக்கம் கெட்ட கண்ணாக இருந்தது.

"என்ன நிக்கிய? பெல்ட்ட மாட்டுங்க."

"இறங்கல அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"வடிவக்கா, காலங்காத்தால வம்பு பண்ணாதிய. நீங்க இறங்கலன்னா மத்தியானம் வேற ஆளு வருது."

"வரட்டும். அவுங்க வந்தாலும் நாங்க இங்கனதான் நிப்போம். எங்கள மிதிச்சிட்டுத்தான் ஏணியில காலு வைக்கணும்." சொல்லிவிட்டுத் தொட்டி வாயின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சட்டம் ஒன்றும் தெரிந்து உட்காரவில்லை. நின்று நின்று கால் கடுத்தது, அதுவும் ஒரு காரணம். உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மற்ற ஐந்து பேரும்.

ஜெபசிங் யாருக்கோ போன் அடித்தான். இயந்திரம் எடுத்தது. திரும்ப அடித்தான். ஏழு மணியாயிற்று, எட்டாயிற்று. வெயில் ஏறியது. அவன் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தொட்டி வாயிலிருந்து பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

எட்டே காலுக்கு அவன் கைக்கணினி கூவியது. வாசித்தான். வாசித்த கையோடு, தொட்டி மூடி தானாக நகர்ந்து வந்து அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். பூட்டு விழுந்த சத்தம் மூன்று தடவை கேட்டது.

"என்ன போட்டிருக்கு?" என்றான் பேச்சிமுத்து.

ஜெபசிங் வாசித்தான். "'நெடுநாள் சிறப்பாகப் பணியாற்றிய நாலாம் தொட்டிக்கு, ஆய்வு முடியும்வரை இனிய ஓய்வு அளிப்பதில் மகிழ்கிறோம். திங்களன்று ஆய்வாளர் நேரில் வருவார்.'"

உலகம்மாள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. மூடியைக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். இரும்பு, திறக்காது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான் ஜெபசிங். "உங்களுக்கு. 'அமெச்சூர் சேவையில் தாங்கள் காட்டிய ஆர்வத்தைப் பாராட்டி, தங்கள் உரிமத்துக்கும் இன்று நண்பகல் பன்னிரண்டு மணி முதல் நிரந்தர ஓய்வு அளிக்கப்படுகிறது.'"

சிரிப்பு நின்றது.

"கூட ஒரு கடிதத்த வச்சிருக்காவ. ரேடியோவுல வந்ததாம், வந்தது வந்தபடியே இருக்கு" என்றான். "அவுங்க மெஷினுக்கு அத எந்தக் கட்டுல சேக்கன்னு தெரியலியாம். மனுசன் பார்வைக்குத் தள்ளிட்டு. மனுசன் பாத்திருக்கான்." திரையில் விரலை இழுத்து வாசித்துக்கொண்டே போனான். ஓர் இடத்தில் விரல் நின்றது. 

"'தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இறக்குகிறார்'" என்று வாசித்தான்.

"ஆமா. நான்தான் எழுதினேன்."

"எனக்குத் தெரியும், வாஸ்தவம். வாய மூடல." கைக்கணினியில் எதையோ தேடி எடுத்து அவளிடம் நீட்டினான். "இந்தாங்க. மேனேஜ்மெண்டுக்கு மூணு தடவ எழுதியிருக்கேன். இசக்கிராசு விழுந்த அன்னைக்கு ஒண்ணு. பெறவு ரெண்டு. 'தொட்டி ஆளக் கொல்லும், கருவியக் கீழ இறக்கி மாட்டுங்க, ஊதுகுழாய் வைங்க'ன்னு. மூணுக்கும், 'நல்லபடியா நடக்குதுன்னு கேட்டு மகிழ்ச்சி'ன்னு பதில் வந்துச்சு. என்னையக் கிண்டல் பண்ணுதாவன்னு நெனச்சேன். அதோட விட்டுட்டேன்."

வடிவு கைக்கணினியை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். மூன்று கடிதத்தையும் வாசித்தாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது கடிதத்தில் அவள் பெயரும் இருந்தது. 'வடிவு என்ற பணியாளர் சொல்வது சரி' என்று.

"நீங்க என்ன எழுதுனியளோ, அது போவல அண்ணாச்சி. எங்களது போவாத மாதிரியேதான்."

"அப்போ மேல இருக்கவனுக்கும் தெரியாது."

"தெரியாதோ, தெரிஞ்சுக்கிட வேண்டாம்னு இருக்கானோ. நமக்கென்ன தெரியும்." கைக்கணினியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா நான் எழுதுனதுல பாதி தப்பு. ஊரே வாசிச்சாச்சு."

"பாதி சரிதான" என்றான் அவன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

மணி எட்டே முக்கால். பன்னிரண்டு வரைக்கும் அவள் குறி செல்லும். அவள் மாடிப் படியைப் பார்த்து நடந்தாள். நடந்துகொண்டே, "மைனி, லைன் வீட்டுல போய்ச் சொல்லுங்க" என்றாள். "யாருக்கு என்ன எழுதணுமோ வரட்டும். பாலிஷ் கெடையாது. ஆனா வெளிச்சமாப் போவும், ஊரே கேக்கும். சம்மதம்னா வரட்டும்."

ஒன்பதரைக்கு வரிசை மாடிப்படி இறங்கி, முற்றம் தாண்டி, சோற்றுக்கூடம் வரை நின்றது. முதல் கடிதம் வடிவுடையது. 'நேற்று நான் எழுதியதில் ஒரு தப்பு. ஜெபசிங் வாயை மூடவில்லை. மூன்று தடவை எழுதினார். மேனேஜ்மெண்டுக்கு அது எழுதியபடி போய்ச் சேரவில்லை. தப்பு என்னுடையது. பூட்டினதுக்கு நன்றி.' அடுத்து ஜெபசிங் நின்றான். தன் மூன்று கடிதத்தையும் தேதியோடு திரும்ப அனுப்பச் சொன்னான்.

"பிழை இருக்கும். திருத்தணுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம். அப்படியே போவட்டும்."

இசக்கிராசுவின் பெண்சாதி வந்தாள். ஆறாம் தொட்டிக்காரர்கள் வந்தார்கள். சமையல்கார அம்மா வந்து அரிசியில் வண்டு என்று எழுதச் சொன்னாள். ஒருத்தி பத்து வருடமாகத் தன்னோடு பேசாத தங்கச்சிக்கு நாலு வரி எழுதச் சொல்லி, எழுதி முடித்ததும் வேண்டாம் என்று அழிக்கச் சொல்லி, படி இறங்கிப்போய் மறுபடி ஏறி வந்து, "அனுப்பிரு" என்றாள். உயிர் ஆபத்து உள்ள கடிதம் எது, இல்லாத கடிதம் எது என்று வடிவு பிரித்துப் பார்க்கவில்லை. அது தன் வேலை இல்லை என்று விட்டுவிட்டாள். அணில்கள் ஓயாமல் கத்தின. ஒரு கடிதத்துக்கு நாலு நிமிடம். வரிசை கரையவில்லை.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு இன்னும் அறுபது பேர் நின்றார்கள். ஒடிசாக் குழுவின் பஸ் வாசலில் ஹாரன் அடித்தது. காப்பக மாடியில் மாட்டியிருந்த அரசாங்கக் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது.

"மணி ஆயிட்டுட்டி" என்றாள் உலகம்மாள் மெதுவாக.

வடிவு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். மைக்கை அழுத்தினாள். "தம்பி ஜெயசீலா. பன்னெண்டு ஆயிட்டு. என் குறி செத்துப்போச்சு. இனி நான் அனுப்புனா உன் உரிமமும் போயிரும். இதுவரைக்கும் செஞ்சதே பெருசு. நீ நிறுத்திக்கோ."

எங்கோ ஓர் எஞ்சினை முடுக்கிவிட்டு அணைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, என்ட மணிக்கூடு எப்பவும் பிந்தித்தான் ஓடும்" என்றான் ஜெயசீலன். "அதில இப்ப பத்தரைதான். அடுத்த ஆளை வரச் சொல்லுங்கோ."